அங்கோர் யாத்திரையும் ஒரு காமிராப் பையும்

சங்கத்தின் சித்திரை விழாவில் எங்களைச் சந்தித்த அன்பர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டனர். "கம்போடியா போய் வந்தீர்களாமே, எந்தக் காமிராவை எடுத்துச் சென்றீர்கள்?" என்பதே அக்கேள்வி. கோயில் எப்படி இருந்தது என்று வினவியவர்களைக் காட்டிலும் இதை வினவியவர்களே மிகுதி. விடுமுறை நெருங்குகிறது; நம் சங்கத்துக் குடும்பங்கள் பல வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன; எதைக் கட்டுவது, எதை விடுவது என்னும் குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு போலும். எனவே எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம். எங்களுக்குப் பொருந்தியது பிறர்க்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஏனெனில் எங்களுடன் வந்தவர் எழுபத்தொன்பது வயதுத் தந்தையார்.

தந்தையார் காரைக்காலில் பிறந்தவர். அவர் பிறந்த 1946-ஆம் ஆண்டில் அவ்வூர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அப்போது கம்போடியாவும் அவர்கள் கையில்தான். 1968-இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி டில்லிக்கு வேலைக்கு வந்தவர், இங்கேயே ஓய்வும் பெற்றார். ஐம்பத்தேழு ஆண்டுகளாக டில்லிவாசியாக இருந்தும் ஆனி மாதம் பிறந்தால் அவர் மனம் காரைக்காலில்தான் நிற்கும். மாங்கனித் திருவிழாவில் பிட்சாடன மூர்த்தி வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை வாரி இறைப்பதையும், சிறுவனாகத் தாம் கூட்டத்தில் புகுந்து பழம் பிடித்ததையும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆண்டு தவறாமல் சொல்லுவார். அந்தக் காரைக்கால் அம்மையாரின் உருவம் கம்போடியாவில் ஒரு சிவன் கோயில் முகப்பில் இருக்கிறது, ஆடும் பெருமானின் அடியில் எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கிறாள் என்று எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நெடுநாளாக மனத்தில் இருந்ததைச் சென்ற ஆண்டுதான் வாய்விட்டுச் சொன்னார்.

சொல்லக் காலம் தாழ்ந்துவிட்டது என்பதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அதைவிடக் கண்தான் கவலை. ஒரு கண்ணில் பார்வை ஏறத்தாழ இல்லை. மற்றதில் அருகே உள்ளது தெரியும். தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். உயரத்தில் செதுக்கிய சிற்றுருவம் ஒன்றைக் காண்பதற்கு இத்தனை கடல் கடந்து போய், அங்கே நின்று அண்ணாந்து பார்த்து, "எங்கே, எங்கே?" என்று கேட்கும்படி ஆகிவிடக் கூடாதே என்ற அச்சம் புறப்படும் வரை எங்களை விடவில்லை.

இனிக் காமிராவுக்கு வருவோம். எங்களிடம் நிக்கான் டி750 என்னும் காமிரா ஒன்று உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தில் நடந்த திருமணத்தை முன்னிட்டு வாங்கியது. அதன்பின் வாங்கும் ஆசை மெல்ல மெல்ல வளர்ந்து, 24–120 மில்லிமீட்டர் லென்ஸ், 70–200 மில்லிமீட்டர் தொலைநோக்கு லென்ஸ், இருட்டில் எடுக்க 50 மில்லிமீட்டர் லென்ஸ், மின்னல் விளக்கு, முக்காலி என்று ஓர் அலமாரித் தட்டு நிறைந்துவிட்டது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு அவை அனைத்தையும் கூடத்தில் பாய் விரித்து அடுக்கினோம். கொலுவைப் போல் இருந்தது. மகன் சமையலறையிலிருந்து மின்தராசைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்துக் குறித்தான். மின்கலத்துடன் காமிரா 840 கிராம். 24–120 லென்ஸ் 710. தொலைநோக்கு லென்ஸ் 1,540. சிறிய லென்ஸ் 185. மின்னல் விளக்கு 420. முக்காலி 1,700. பை, சார்ஜர், மாற்று மின்கலங்கள் சேர்ந்து 1,500. ஆக 6 கிலோ 895 கிராம். நாங்கள் ஏறவிருந்த விமானத்தில் கையோடு கொண்டுசெல்ல ஒருவருக்கு அனுமதித்த எடை 7 கிலோ. எஞ்சிய 105 கிராமில் ஒரு சட்டைகூட வைக்க முடியாது.

பக்கத்து நாற்காலியில் இருந்த தந்தையார் இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "ராமேசுவரத்தைப் பன்னிரண்டு படத்தில் முடித்து வந்தேன்" என்றார். அவர் சொன்னது மெய். இந்தியாவிலேயே தயாரான ஆக்ஃபா கிளிக்-3 என்னும் பெட்டிக் காமிரா அவரிடம் இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஒன்றை எடுத்த பின் மறந்து மறுபடியும் அழுத்திவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து இரண்டும் போய்விடும். ஆகவே எதை எடுப்பது என்று நின்று யோசித்துத்தான் எடுப்பார். அவருடைய ராமேசுவர ஆல்பத்தில் பன்னிரண்டு படங்களும் இன்றுவரை இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் பல்லாயிரம் படங்கள் இருக்கின்றன. எது எங்கே என்று எங்களுக்கே தெரியாது.

அவருடைய பெட்டிக்கும் முந்திய காலத்தில் படம் எடுக்கப் போனவர்களை நினைத்தால் எங்கள் ஏழு கிலோ ஒரு பொருட்டே அன்று. அங்கோர் கோயில்களை முதன்முதலில் படம் எடுத்தவர்களுள் ஒருவரான ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1866-இல் அங்கே சென்றார். அந்நாளில் சுருளும் இல்லை, அட்டையும் இல்லை. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் குழம்பைப் பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்து, உலர்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். ஆகவே கண்ணாடிகள், இரசாயனப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் அனைத்தும் காட்டுக்குள் கூடவே செல்ல வேண்டும். நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் உண்டு. சென்னை அரசாங்கத்துக்காகப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர்களுக்கெல்லாம் சுமப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். எங்கள் சுமையை நாங்களேதான் சுமக்க வேண்டும். அதோடு தந்தையாருக்கு ஒரு கையும் கொடுக்க வேண்டும்.

அந்தக் கை என்பதுதான் கணக்கை மாற்றியது. அங்கோரில் தரை சமமாக இராது. ஒவ்வொரு வாயிலுக்கும் உயர்ந்த கற்படி உண்டு. வேர் தூக்கிய பாதைகள் உண்டு. இருவரில் ஒருவரும் மகனும் மாறி மாறி அவரைப் பிடித்து நடத்திச் செல்லவேண்டும். தோளில் ஏழு கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு முதியவரைப் பிடித்தால் இருவரும் விழலாம். ஆதலால் கழுத்தில் மாட்டிக் கைகளை விடுவிக்கக்கூடிய அளவுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தோம். அதன்படி முக்காலி வெளியேறியது. அதற்காக யாரும் வருந்தவில்லை. காமிராவின் ஒளியுணர்வு எண்ணை உயர்த்தி நிழலிலும் கையில் பிடித்தே எடுக்கலாம். கூட்டத்தில் மூன்று கால்களைப் பரப்புவது பிறருக்கும் இடையூறு. மின்னல் விளக்கும் வெளியேறியது. சிற்பத்தின் மேல் நேரே ஒளி விழுந்தால் மேடும் பள்ளமும் மறைந்து சப்பையாகிவிடும். பக்கத்திலிருந்து வரும் இயற்கை வெளிச்சமே செதுக்கலை எடுத்துக் காட்டும். பறக்கும் காமிரா ஒன்றை இரவல் வாங்கலாம் என்று மகன் ஒரு யோசனை சொன்னான். அங்கோரை நிருவகிக்கும் அப்சரா ஆணையத்தின் அனுமதியின்றி அதைப் பறக்கவிடக் கூடாது என்பதை அறிந்ததும் அந்த யோசனை தானாக இறங்கிவிட்டது.

தொலைநோக்கு லென்ஸில்தான் வழக்கு முற்றியது. எங்களுள் ஒருவர் அது வேண்டும் என்றார். மற்றவர் வேண்டாம் என்றார். யார் எந்தக் கட்சி என்பதை இங்கே எழுதாமல் விடுவது வீட்டமைதிக்கு நல்லது. வேண்டும் என்ற கட்சியின் வாதம் வலுவானது. அம்மையார் இருப்பது உயரத்தில். அந்தக் கோயிலின் உள்வட்டத்தில் கயிறு கட்டி அருகே விடுவதில்லை. இந்த ஒன்றைப் பார்க்கத்தானே போகிறோம்? வேண்டாம் என்ற கட்சியின் வாதமோ 1,540 கிராம் என்ற ஒரே வாதம். இரண்டு நாள் பேசியும் தீரவில்லை. மூன்றாம் நாள் ஞாயிறு. இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டு தந்தையாரையும் அழைத்துக்கொண்டு குதுப் மினாருக்குப் போனோம். டில்லியில் உயரத்தில் நுண்ணிய செதுக்கலைப் பார்க்க அதைவிட ஏற்ற இடம் ஏது? அதன் முதல் அடுக்கில் ஓடும் கல்லெழுத்துப் பட்டையை ஒரே இடத்தில் நின்று இரண்டு லென்ஸாலும் எடுத்தோம்.

இங்கே சிறிது கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் காமிராவின் படம் ஒன்றில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ளன. 120 மில்லிமீட்டரில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி 200 மில்லிமீட்டர் காட்டும் அளவுக்குப் பெருக்கினால், அகலத்தில் பத்தில் ஆறு பங்கும் உயரத்தில் பத்தில் ஆறு பங்கும் எஞ்சும். அதாவது நூற்றில் முப்பத்தாறு பங்கு. 86 லட்சம் புள்ளிகள் மிஞ்சுகின்றன. சுவரில் மாட்டும் பெரும்படத்துக்கு அது குறைவுதான். ஒரு தாள் அளவில் அச்சிடவோ, கண்ணருகே பிடித்துப் பார்க்கவோ அது தாராளம். தந்தையாரிடம் காமிராவின் பின்திரையில் இரண்டையும் பெருக்கிக் காட்டி, எது எதனால் எடுத்தது என்று சொல்லாமல், எது தெளிவு என்று கேட்டோம். இரண்டையும் மாறி மாறிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இரண்டிலும் எழுத்துத் தெரிகிறது. எனக்குத்தான் அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது" என்றார். தொலைநோக்கு லென்ஸ் அலமாரிக்குத் திரும்பிற்று. பறவைகளைப் படம் எடுக்கச் செல்வோர் எங்களைப் பின்பற்ற வேண்டா. அவர்கள் செய்தி வேறு.

பெரிய பையையும் விட்டோம். அதன் தடித்த மெத்தையே ஒரு கிலோவை விழுங்குவது. சாதாரணத் துணிப்பையில் ஒரு பருத்தித் துண்டைச் சுற்றிக் காமிராவையும் லென்ஸையும் வைத்தோம். மீண்டும் நிறுத்தபோது எல்லாம் சேர்ந்து இரண்டேகால் கிலோதான்.

மற்றச் சில்லறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறோம். மாற்று மின்கலங்களைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கலாகாது. கையோடுதான் கொண்டுசெல்ல வேண்டும். அவற்றின் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் காகித நாடா ஒட்டுவது நன்று. 100 வாட்-மணிக்கு உட்பட்டவற்றுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. காமிரா மின்கலம் ஒன்று ஏறத்தாழ 14 வாட்-மணிதான். விலையுயர்ந்த காமிராவைக் கொண்டுசெல்வோர் புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டி, வரிசை எண்ணுடன் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளலாம். திரும்பும்போது இது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி எழுந்தால் அந்தத் தாள் பதில் சொல்லும். கம்போடியாவில் மின்னழுத்தம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட். ஆனால் நம் மூன்றுமுனைச் செருகி அங்கே பொருந்தாது, இருமுனை உருண்டைச் செருகி பொருந்தும். நினைவட்டைகள் இரண்டை வேறு வேறு பையில் வைத்தோம்.

டிசம்பர் மாதத்தில், மழை நின்று வெயில் கடுக்காத பருவத்தில், பாங்காக் வழியாகச் சியம் ரீப் சேர்ந்தோம். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ளது. வண்டியை முன்னரே பேசிவைப்பது முதியவர்க்கு நலம். கோயில்களைக் காண அனுமதிச் சீட்டு வேண்டும். 2017 முதல் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை வாங்கினால் தொடர்ந்து மூன்று நாளும் போக வேண்டியதில்லை; இடையில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அதையே வாங்கினோம். சீட்டில் அச்சிட அங்கேயே நம்மைப் படம் எடுக்கிறார்கள். பயணத்தின் முதல் படம் எங்கள் காமிராவில் எடுத்தது அன்று.

அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். ஆகவே காலையில் கோபுரங்களின் பின்னே சூரியன் எழும். அவை கருநிழலாய்க் குளத்தில் தெரியும். உலகெங்கும் பார்க்கும் அந்தப் படத்தை எடுக்க விடியுமுன்னே வடபுறக் குளத்தங்கரையில் கூட்டம் கூடிவிடுகிறது. நாங்களும் கூடினோம். தந்தையாரைச் சற்றுத் தள்ளி ஒரு தேநீர்க் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்திவிட்டுக் காமிராவை எடுத்தால், லென்ஸ் முழுவதும் வெள்ளையாய்ப் பனி பூத்திருக்கிறது! விடுதி அறையில் மகன் குளிர்சாதனத்தை 18 பாகையில் வைத்துத் தூங்கியிருந்தான். குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்ததும் ஈரக்காற்று அதன்மேல் படிந்துவிட்டது. துடைத்தோம், மீண்டும் பூத்தது. துடைத்தோம், மீண்டும் பூத்தது. வானம் சிவந்தது, பொன்னானது, வெளுத்தது. லென்ஸ் தெளிந்தபோது சூரியன் நன்றாக ஏறிவிட்டான். மகனோ தன் தொலைபேசியால் நாற்பது படம் எடுத்து முடித்திருந்தான். அது அவன் சட்டைப் பையின் சூட்டில் இருந்தது அல்லவா!

திரும்பி வந்த எங்களிடம் தந்தையார், "என்ன படம் கிடைத்தது?" என்றார். "பனி" என்றோம். "நான் பார்த்தேன். கோபுரம் தெரியவில்லை. நிறம் முழுவதும் தெரிந்தது" என்று சொல்லித் தேநீரை உறிஞ்சினார். அன்று முதல் இரவில் காமிராவை நெகிழித் தாள் பையில் இறுகக் கட்டிவைத்து, காலையில் வெளியே வந்து அரைமணி நேரம் கழித்துப் பிரித்தோம். குளிரூட்டிய அறையில் தங்கும் அன்பர்கள் இதை முதல் நாளே செய்க.

அங்கோர் வாட்டின் புடைப்புச் சிற்பச் சுற்றுகளில் எங்களுக்கு உதவியது அகலக் காட்சிதான். கீழைச் சுற்றின் தென்பகுதியில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. இதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பினான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தூண்கள். பின்வாங்கி முழுவதையும் அடக்க இடம் இல்லை. காலை வெயில் தூண்களின் இடையே சாய்ந்து வந்து ஒவ்வொரு கையையும் வாசுகியின் ஒவ்வொரு செதிலையும் தூக்கிக் காட்டியது. 24 மில்லிமீட்டரில் வைத்து, சுவருக்கு இணையாக அடியெடுத்து அடியெடுத்து 22 படம் எடுத்தோம். டிரைப் தஞ்சையில் செய்ததைக் கணிப்பொறியின் துணையோடு செய்தோம் என்று பெருமை பேசலாம். ஒட்டிய படத்தில் ஓர் அசுரனுக்கு மூன்று கைகள் வந்துவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சிற்பம் கண்மட்டத்தில் இருப்பதால் தந்தையாருக்குக் காமிரா தேவைப்படவில்லை. சுவரிலிருந்து ஒரு முழ தூரத்தில், கையைத் தொடாமல் பின்னால் கட்டிக்கொண்டு, 49 மீட்டரையும் நடந்தே பார்த்தார். முடிந்ததும் திரும்பி மறுபடியும் நடந்தார். "அசுரர் பக்கம்தான் உழைப்பு அதிகம் தெரிகிறது" என்பது அவர் தீர்ப்பு. உச்சித் தளத்துக்கு அவரால் ஏற இயலாது. படி மிகச் செங்குத்து. தோளும் முழங்காலும் மறைய உடுத்தியவர்களையே அங்கே விடுகிறார்கள். நாங்கள் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி வந்தோம். தா புரோம் கோயிலில் சுவரை விழுங்கி நிற்கும் மரங்களைப் பற்றி எழுதாதவர் இல்லை, நாங்கள் விட்டுவிடுகிறோம். அங்கே எடுத்த படங்கள் குறைவு. வேரும் கல்லுமாய்க் கிடந்த வழியில் இருபுறமும் தந்தையாரைப் பிடித்திருந்தோம். காமிரா கழுத்திலேயே தொங்கிற்று.

மூன்றாம் நாள் பாந்தே ஸ்ரே.

அங்கோரின் பெருங்கோயில்களுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில் இது. அரசன் கட்டியது அன்று; யக்ஞவராகன் என்னும் அரசவைப் பெரியவர் கட்டியது. செந்நிற மணற்கல்லில் மரத்தில் செதுக்கியதைப் போன்ற நுணுக்கம். ஆந்திரே மால்ரோ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1923-இல் இங்கிருந்து சிலைகளைப் பெயர்த்து எடுத்துச் சென்று பிடிபட்டார்; பிற்காலத்தில் அவரே பிரான்சு நாட்டின் பண்பாட்டு அமைச்சரும் ஆனார். எதைச் சுமப்பது என்பதில் அவருக்கும் குழப்பம் இருந்திருக்கிறது.

கோயில் கிழக்கு நோக்கியது. ஆகவே காலையில் போனோம். உள்மதிலின் கிழக்கு வாயில் முகப்பில், பல கைகளுடன் பெருமான் ஆடுகிறார். அடியில் வாத்தியம் இசைப்போர். அவர்களோடு வற்றிய உடலும் தொங்கிய மார்புமாய் ஒரு பெண்ணுருவம். அவள் காரைக்கால் அம்மையே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. மகன் முதலில் கண்டுபிடித்து, "தாத்தா, அதோ!" என்று கை நீட்டினான். தந்தையார் கையைப் புருவத்தின் மேல் வைத்து அண்ணாந்து பார்த்தார். "எங்கே?" என்றார். "அந்த முக்கோணத்துக்குள்ளே, கீழே." "சிவப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான்." இரண்டடி முன்னே போகப் பார்த்தார். பின்னால் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. வழிகாட்டிகள் தத்தம் கூட்டத்தாரை நகரச் சொல்லிக்கொண்டிருந்தனர். நாங்கள் டில்லியில் அஞ்சிய அந்தக் கணம் இதுதான்.

120 மில்லிமீட்டரில் வைத்து நான்கு படம் எடுத்தோம். பெருக்கிப் பார்த்துத் தெளிவாக வந்ததைத் தேர்ந்து அவரிடம் நீட்டினோம். குதுப் மினாரில் எண்ணாத ஒன்று அப்போது தெரிந்தது. அன்று டில்லி வானம் மூட்டமாக இருந்தது. இங்கே வெயிலில் பின்திரை கண்ணாடி போல் மின்னி எங்கள் முகத்தையே காட்டியது. உடம்பால் மறைத்தோம், தொப்பியால் மறைத்தோம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "போகட்டும், வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அப்படிச் சொன்ன குரல் எங்களுக்குப் பொறுக்கவில்லை. காமிராவைச் சுற்றி வைத்திருந்த பருத்தித் துண்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வழியோரம் ஒரு கல்லில் அவரை அமர்த்தி, துண்டை விரித்துத் தலையோடு காமிராவையும் சேர்த்து மூடினோம். அந்நாளில் ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பாரே, அதே கோலம். நடந்துபோன சீனப் பயணிகள் சிலர் நின்று வேடிக்கை பார்த்தனர். ஒருவர் அவரைப் படமும் எடுத்துக்கொண்டார்.

துண்டுக்குள்ளிருந்து வெகு நேரம் ஓசையே இல்லை. பெருக்கும் பொத்தானை அழுத்தும் சிற்றொலி மட்டும் கேட்டது. அதை மகன் முன்னரே சொல்லிக்கொடுத்திருந்தான். பின் உள்ளிருந்தே, "விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது" என்றார். பிறகு, "தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்" என்றார். அதன்பின் பேசவில்லை. துண்டை விலக்கி வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்வை. கண்ணையும் சேர்த்தே துடைத்துக்கொண்டார்.

"கயிலைக்குத் தலையாலே நடந்தவளுக்கு இந்தக் கடல் ஒரு தூரமா?" என்று மட்டும் சொன்னார்.

எழுந்து மீண்டும் அந்த வாயிலின் முன்னே போய் நின்றார். இப்போது இடம் தெரியும். செந்நிறத் திட்டில் எது எங்கே என்று மனத்தில் இருந்தது. "ஆமாம், அதோ இருக்கிறாள்" என்றார். கண்ணுக்குத் தெரிந்ததோ, துண்டுக்குள் பார்த்ததைத்தான் கண்டாரோ, நாங்கள் கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவர் நீண்ட வெள்ளை லென்ஸ் ஒன்றைக் கையில் தாங்கி அதே முகப்பை எடுத்துக்கொண்டிருந்தார். மகன் அதைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

டில்லி திரும்பி எண்ணிப் பார்த்ததில் காமிராவில் 611 படமும் தொலைபேசிகளில் அதற்கு மேலும் இருந்தன. தொலைபேசிப் படங்கள் பல நன்றாகவே வந்துள்ளன. விடியற்காலைப் படம் அதில்தான் உள்ளது. எங்கள் இருவரையும் தந்தையாரையும் ஒன்றாகக் காட்டும் படங்களும் அதில்தான் உள்ளன. காமிராவைப் பிடித்தவர் அதில் விழுவதில்லை. அடுத்த முறை காமிராவே வேண்டாம் என்பது மகன் கட்சி. துண்டுக்குள் கொண்டுபோக அந்தத் தொலைபேசியின் படம் ஈடு கொடுக்குமா என்று குதுப் மினாரில் இன்னொரு சோதனை வைத்துப் பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பத்து நாளும் சுமந்தோம்; ஒருமுறைகூடப் பையிலிருந்து எடுக்கவில்லை.

தந்தையாரிடம் பழைய ராமேசுவர ஆல்பத்தைப் போலவே ஒன்று செய்து தருகிறோம், பன்னிரண்டு படத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றோம். ஒரு வாரம் ஆயிற்று. கணிப்பொறியின் பெரிய திரைக்கு மிக அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தார். பாற்கடலில் இரண்டு எடுத்தார். மூன்று கை அசுரன் இருக்கும் படம் அவற்றுள் ஒன்று. தேநீர்க் கடை நாற்காலியில் தாம் அமர்ந்திருப்பதை எடுத்தார். துண்டு போர்த்திய கோலத்தை மகன் எடுத்திருந்தான். அதை முதலில் தள்ளிவிட்டு, மறுநாள் சேர்த்துக்கொண்டார். அம்மையாரை முதல் பக்கத்துக்கு வைத்தார். மொத்தம் பதினொன்று ஆயின.

"பன்னிரண்டாவது?" என்று கேட்டோம்.

"அதை ஆனியில் காரைக்காலில் எடுப்போம்" என்றார்.

ரயில் பதிவு திறக்கும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.